சீட்டில் வந்த பக்கம்

ஒரு மனிதரை அவர் நம்பாத ஒன்றைப் பேச வைத்தேன். பேசியதற்காகப் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது, பேச வைத்தவன் நான்தான் என்பதை மறைத்தேன். அதனால் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் அவர் பூட்டிய இடத்தில் இருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறும் குடிமையியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளைப் புத்தகம் பார்க்காமல் வரிசையாகச் சொல்வேன். இந்தக் காரியத்தைச் செய்தவனுக்கு அவை தெரியாமல் இருந்தன என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊரில் மாதம் ஒரு விவாதக் கூட்டம் நடத்தினேன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் போகிற டவுன் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், திராட்சைப் பெட்டி கட்டுகிற தகரக் கொட்டகை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே வேலை இருக்காது. கொட்டகைக்காரர் இலவசமாகக் கொடுத்தார். காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், வங்கிக்காரர், தோட்டக்காரர்கள், கேரளத்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவர்கள் என்று நாற்பது பேர் தேறுவார்கள். அணையைப் பற்றிப் பேசுவோம், அணு உலையைப் பற்றிப் பேசுவோம், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படை அனுப்பலாமா என்று பேசுவோம். கூட்டம் முடியும்போது எல்லார் கால்சட்டையிலும் வேட்டியிலும் திராட்சைச் சாற்றின் கறை இருக்கும்.

அங்கே நான் ஒரு விதி வைத்திருந்தேன். பேச்சாளர் தன் பக்கத்தைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட வேண்டும். அதில் என்ன வந்ததோ அதற்காக வாதாட வேண்டும். "தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காகவும் வாதாடத் தெரிந்தவன்தான் ஜனநாயகத்துக்குத் தகுதியானவன்" என்று ஒவ்வொரு மாதமும் சொல்வேன். ஒவ்வொரு மாதமும் கை தட்டுவார்கள்.

அந்த விதியால் வேடிக்கைகளும் நடந்ததுண்டு. சாயங்காலமானால் கடைக்குப் போகாமல் இருக்க முடியாத ஒரு தோட்டக்காரருக்கு ஒரு தரம் மதுவிலக்கு வேண்டும் என்ற பக்கம் வந்துவிட்டது. மனுஷன் உருகிப் பேசினார். பின்னால் நின்று கேட்ட அவர் வீட்டம்மா மறுநாளே பாட்டிலை எடுத்து வாய்க்காலில் ஊற்றிவிட்டார். "சீட்டுல வந்துச்சுன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா வாத்தியாரே, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அவர் என்னிடம் வந்து நின்றார். நான் சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னேன். சீட்டில் வந்ததைத்தான் பேசினார், அது அவர் கருத்து இல்லை என்று. ஒரு பாட்டில் பிராந்திக்காக நான் சாட்சி சொன்னேன்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரைப் பக்கம் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாம் இருந்தது. அவர் கடைசிப் போர் மூண்ட சமயத்தில் மனைவியுடன் படகில் வந்தவர். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்திருக்கிறார். இங்கே மதுவிலக்குப் பேசிய அந்தத் தோட்டக்காரரின் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. திராட்சைப் பந்தலின் கீழே கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவர்கள் நாள் முழுக்க இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டாம் நாளே தோள் வலிக்கிறது என்று ஓடிவிடுவார்கள். இவர் ஓடவில்லை. எப்படித் தாங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறது எங்களுக்குப் பழக்கம்தானே ஐயா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

நான்கைந்து மாதம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. ஒருவரைப் பேச வைப்பது எனக்குத் தொழில்; பேசாத பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல் வகுப்பை முடித்ததில்லை. நீங்களும் பேச வேண்டும் என்றேன்.

"நாங்கள் கதைக்கக்கூடிய ஆக்கள் இல்லை ஐயா. இருக்க விட்டிருக்கினம், அதுவே காணும்."

"கருத்துச் சொல்வது மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் உள்ள உரிமை. முகாமில் இருப்பதால் அது போய்விடாது" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சந்தோஷம் என்னைப் பற்றியது, அவரைப் பற்றியது அல்ல.

அவரை மனதில் வைத்துத்தான் அடுத்த மாதத் தலைப்பை எழுதினேன். உரிமைக்காக ஆயுதம் ஏந்தலாமா, கூடாதா. தலைப்பைப் பார்த்ததும் அவர் தானாக வந்து, "நான் கதைக்கிறன்" என்றார்.

அன்று ஏகப்பட்ட கூட்டம். மைக் வைத்திருந்தோம். அவர் சீட்டை எடுத்துப் பிரித்தார். ஏந்தலாம் என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் அருகில் வந்து, மைக்கில் விழாதபடி சொன்னார்.

"ஐயா, மற்றதைத் தர ஏலுமோ? எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கு. அது இந்தப் பக்கத்தில வராது."

எதிர்ப் பக்கச் சீட்டு ஓய்வு பெற்ற வங்கிக்காரருக்கு வந்திருந்தது. அவர் நல்ல மனிதர். "எனக்கு ஒண்ணுமில்ல வாத்தியாரே, மாத்திக்கிறேன். எந்தப் பக்கம்னாலும் நான் ஒளறத்தான் போறேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒரு தலையசைப்பில் அந்த விஷயம் முடிந்திருக்கும். நான் மைக்கைப் பிடித்தேன்.

"நண்பர் பக்கம் மாறக் கேட்கிறார். நம் மன்றத்தில் அந்த வழக்கம் உண்டா?"

"கெடையாது, கெடையாது!"

"சீட்டுன்னா சீட்டுத்தான்யா!"

"கச்சி மாறுறவகளுக்கு இங்கன எடமில்ல!" என்று ஒரு ஜீப் டிரைவர் எழுந்து நின்று கத்தினார். கொட்டகையே சிரித்தது.

அவரும் புன்னகை செய்தார். சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு டப்பாவில் போட்டார். நாற்பது பேருக்கு மேல் இதைப் பார்த்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வங்கிக்காரர் பேசி முடித்தார்; பிறகு அவர் பேசினார். நான் வாழ்க்கையில் கேட்ட பேச்சுகளில் அதுபோல ஒன்று இல்லை. அடுக்குமொழி கிடையாது. குரலை உயர்த்தவில்லை. கணக்கு வாத்தியார் பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதுவதுபோல ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனார். பதுங்கு குழிக்குள் அம்மா கொழுக்கட்டை அவித்ததைச் சொன்னார். வாசலில் வந்து நின்றவர்கள் ஒரு பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைச் சொன்னார். அந்தப் பையனின் மறு கையை அம்மா பிடித்திருந்தாள். அவன் சட்டையில் பித்தான் தெறித்து மணலில் விழுந்தது. அதைத் தேடிப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் கேட்டார்:

"பிள்ளையை இழுத்துக்கொண்டு போறவனிட்ட நீங்கள் எந்தச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவியள்?"

கைதட்டல் தகரத்தில் மழை விழுந்ததுபோல வந்தது. அவர் பக்கத்துக்கே தீர்ப்புச் சொன்னேன். சிறந்த பேச்சாளர் என்று ஒரு பூந்துண்டைப் போர்த்தினேன். கை கூப்பி வாங்கிக்கொண்டவர், பூந்துண்டை உடனே மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பக்கம் மாறுகிறவர்களுக்கு இடமில்லை என்று கத்திய அந்த ஜீப் டிரைவர் கடைசி மூன்று நிமிடத்தைச் செல்போனில் பிடித்திருந்தார். பாசத்தில்தான் பிடித்தார். பெருமையாக நாலு பேருக்கு அனுப்பினார். நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தில் சீட்டு இல்லை, டப்பா இல்லை, அவர் என்னிடம் கேட்டது இல்லை. முகாமில் இருக்கும் ஒரு மனிதர் ஆயுதம் ஏந்தச் சொல்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. அவ்வளவுதான் இருந்தது. கடைசியில் துண்டோடு ஒரு கை வருகிறது. முகம் வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

எட்டாம் நாள் காலையில் மஃப்டியில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். செல்போனை என் முன் நீட்டினார்.

"இது உங்க கைதானே சார்? வாட்ச் தெரியுது."

"ஆமாம்."

"அவர நேத்துக் கூட்டிட்டுப் போயிட்டாக. அவரு ஒண்ணு சொல்றாரு. சீட்டு எடுத்தேன், அதுல வந்ததப் பேசச் சொன்னாக, மாத்திக் கேட்டும் தரலன்னு. அப்பிடியா சார்?"

நான் பேசுவதற்கு முன்பே இன்னொன்றையும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கேட்டால், நினைவுபடுத்தினேன் என்றுதான் சொல்வார்.

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கீகள்ல. அந்த விசாரணையும் எங்ககிட்டத்தான் வரும்."

கனடாவில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவ நேரம். என் மனைவி முந்தின வருடம் இறந்துவிட்டாள். மகள் தினமும் கூப்பிட்டு, "எப்பப்பா வருவீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இது காரணம். காரணத்தைச் சொல்கிறேனே தவிர, நியாயம் என்று சொல்லவில்லை.

நான் சொன்னது இதுதான்: "எங்கள் கூட்டத்தில் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அவரவர் கருத்தை அவரவர் பேசலாம்."

படித்தவன் பொய் சொல்கிற விதம் அது. அதில் ஒவ்வொரு சொல்லும் எங்கள் கூட்டத்தின் அழைப்பிதழில் இருந்தது.

"அப்ப அவராத்தான் பேசுனாரு?"

"ஆமாம்."

எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் அலமாரி. அலமாரியின் மேல் அந்த பிஸ்கட் டப்பா இருந்தது.

அந்த மனிதரை வேறு ஊரில் இருக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாம் என்று பெயர், கதவுக்கு வெளியே பூட்டு. ஐந்து வாரத்தில் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. போகும் முன் டப்பாவைத் திறந்து அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்தேன். கிழிக்கத்தான் எடுத்தேன். பின்பக்கம் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கை வரவில்லை. பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விமான நிலையத்திலும் அதிகாரி பாஸ்போர்ட்டைக் கேட்கும்போது, சீட்டை உருவி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நீட்டினேன்.

மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். ஒருநாள் மருமகன் நகரத்துக்குள் கூட்டிப்போனார். பெரிய கட்டடத்தின் முன் நம் ஆட்கள் சிலர் குளிரில் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். போரில் காணாமல் போன பிள்ளைகளின் படங்கள். போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. என் வயதுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா எவடம்?" என்று கேட்டார். இந்தியா, கம்பம் பக்கம் என்றேன். "அங்கையும் எங்கட சனம் இருக்கினம் எல்லே? நல்லாப் பாக்கினமோ?"

"நல்லாப் பார்க்கிறார்கள்" என்றேன். மருமகனிடம் குளிர்கிறது என்று சொல்லிக் காருக்குத் திரும்பிவிட்டேன்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் ஒரு பெண் வாசலில் நின்றார். ரவிக்கைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, திராட்சைக் கொடியின் சாறு பட்டுக் கறுத்த விரல்கள். அந்த மனிதரின் மனைவி. கணவர் பார்த்த கவாத்து வேலையை இப்போது இவர் செய்கிறார். என்னைக் குற்றம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டார்.

"ஐயாதான் நல்லா எழுதுவியள் எண்டு எல்லாரும் சொல்லுகினம். கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தர ஏலுமோ?"

நான் வாக்குமூலம் கொடுத்தது அவருக்குத் தெரியாது.

இங்கேதான் என் குற்றத்தின் பெரிய பாதி இருக்கிறது. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று யாராவது மன்னிக்கலாம். பாஸ்போர்ட் வந்தாகிவிட்டது, பேத்தியைப் பார்த்தாகிவிட்டது. இனிப் பயப்பட ஒன்றும் இல்லாத நேரத்தில் நான் அந்த மனுவை எழுதினேன். ஒன்றல்ல, நான்கு. அழகான மனுக்கள். விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பது ஏன் தவறு என்று எழுதினேன். அகதிகளை உலகம் எப்படி நடத்த வேண்டும் என்று எழுதினேன். பேச்சுரிமை குடிமகனுக்கு மட்டும் உரியதா, மனிதனுக்கு உரியதா என்று கேட்டேன். இரண்டாம் மனுவைத் தட்டச்சு செய்த கம்பத்துக் கடைக்காரர், "சார், படிக்கவே புல்லரிக்குது" என்று காசு வாங்க மறுத்தார். எல்லாம் இருந்தது. அவர் சீட்டு எடுத்துப் பேசினார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது. புதிய விவரம் எதுவும் இல்லாததால் பரிசீலிக்க இயலாது. அந்தப் பெண் பதிலை எடுத்து வருவார். நான் அவர் எதிரிலேயே அதைப் படித்து, "அரசாங்கம் இப்படித்தான்" என்று சொல்வேன். புதிய விவரம் என் பாஸ்போர்ட்டுக்குள் இருந்தது.

அந்த மாதங்களில் கூட்டத்தை நிறுத்தியிருந்தேன். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. மின்விசிறி ஓடும்போது கேட்கும். பஸ்ஸில் கேட்கும். அவர் பேசிய பேச்சு அல்ல. பேச விரும்பிய பேச்சு. இந்தப் பக்கத்தில் வராது என்று சொன்னாரே, அந்த விஷயம் என்ன? எனக்குச் சொற்கள் கேட்காது. ஒருவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தொடங்குவதற்கு முன் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன்.

நான்காம் மனுவுக்கும் பதில் வந்த பிறகு அந்தப் பெண் ஒரு காலையில் வந்தார். கணவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, இவர் உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னவர். சீட்டைப் பற்றி ஐயாவிட்டக் கேள், வயசான ஆள், மறந்திருப்பார், ஞாபகப்படுத்து எண்டு. அது என்ன சீட்டு?"

மறந்திருப்பார். ஒரு வருடமாக அடைபட்டுக் கிடந்த மனிதர் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது அது.

உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தேன். சீட்டை அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவரின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அவர் என்ன பேச நினைத்தார், உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"அவற்ற தம்பியை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. பதினாறு வயசு. அவன்ர சட்டைப் பித்தான் இப்பவும் எங்களிட்ட இருக்கு. ஆயுதம் தூக்கினது எங்கட வீட்டுக்கு என்ன செய்தது எண்டு ஒருநாள் சொல்ல வேணும் எண்டு இருந்தவர். இவ்வளவு வருசம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இங்கை சொல்லலாம், வாத்தியார் நல்லவர் எண்டு நினைச்சவர்."

நாங்கள் கை தட்டியது எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனை இழுத்துப் போனது ராணுவம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்; இழுத்துப் போனவர்கள் உரிமைக்காக ஆயுதம் ஏந்தியவர்கள். சீட்டில் வந்த பக்கத்துக்காக அவர் தன் தம்பியின் கதையைத் திருப்பிப் போட்டு வாதாடினார். நான் பூந்துண்டு போர்த்தினேன்.

மேசையில் மனுக்களின் நகல்கள் இருந்தன. அந்தப் பெண் அவற்றை அடுக்கி என் பக்கம் நகர்த்தி வைத்தார். "இதெல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தியள்" என்றார். சீட்டையும் மேலே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை.

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். என்னிடம் படித்தவர். பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும் என்று சொல்லி விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார், பொய் வாக்குமூலம் குடுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுக்குறீக. இது உங்க தலையிலதான் விழும். தெரியும்ல?"

"தெரியும்."

"இந்த வயசுல இது தேவையா சார்?"

"எழுதப்பா."

எழுதினார். சீட்டை இணைத்தோம். டப்பாவில் இருந்த மற்றச் சீட்டுகளையும், இப்படி ஒரு விதி இருந்தது என்பதற்குச் சாட்சியாகக் கொடுத்தோம். அது போதாது, கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டு பேராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

மறுபடியும் கொட்டகையில் கூட்டம் கூட்டினேன். விவாதம் இல்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். நின்றுகொண்டு சொன்னேன்.

"முடிஞ்சு போனத எதுக்கு வாத்தியாரே கிண்டுறீக?" என்றார் மதுவிலக்குப் பேசிய தோட்டக்காரர்.

"யாருக்குய்யா முடிஞ்சு போச்சு? அந்தப் பொம்பள உம்ம தோட்டத்துலதான நிக்கிது" என்றார் வங்கிக்காரர். பிறகு என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்கே மாத்திக்கிறேன்னு சொன்னேன்ல. என்கிட்ட யாரும் வந்து கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்லியிருப்பேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

படம் பிடித்த ஜீப் டிரைவர் பெட்டியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடியே பேசினார். "நாங்க நாப்பது பேரு பாத்தோம். சீட்டுன்னா சீட்டுத்தான்னு கத்துனோம். ஒருத்தன் வாய தெறக்கலையே. அவக கேட்டது வாத்தியார மட்டும்தான், எங்களுக்கென்னன்னு இருந்துட்டோம். ஆத்தா மேல ஆணையாச் சொல்றேன், அந்தப் படத்த நான் அன்னைக்கே அழிச்சிட்டேன். ஆனா அது அழிய மாட்டேங்குது."

அவரும் வங்கிக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் மூன்று பேர். மற்றவர்கள் எழுந்து வெளியே போய், பஸ் வருகிறதா என்று பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

பத்திரத்தைக் கலெக்டரிடம் கொடுத்த பிறகு என்னை இரண்டு தரம் விசாரணைக்கு அழைத்தார்கள். முதல் தரம் நாற்காலி போட்டார்கள். இரண்டாம் தரம் டீ வாங்கிக் கொடுத்தார்கள். வயதானவர், குழம்பிப் போய்ச் சொல்லியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். குழம்பவில்லை, தெரிந்தே சொன்னேன் என்றேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்றார்கள். அந்த மனிதர் உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள், நான் என் குற்றத்தைச் சொன்னபோதும் நம்பவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவர் முகாம்காரர், நான் வாத்தியார்.

பிரமாணப் பத்திரம் கொடுத்து எட்டு மாதம் கழித்து அவரை விட்டார்கள். அதனால்தான் விட்டார்களா என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவில் காரணம் இல்லை.

அவர் வந்த நான்காம் நாள் முகாமுக்குப் போனேன். தலை நரைத்திருந்தது. மனைவி உள்ளேயே இருந்தார். அவரே நாற்காலி எடுத்துப் போட்டார், நான் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நான் ஒரு மடத்தனம் செய்தேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

"கொட்டகையில் ஒரு கூட்டம் போடுகிறேன். சீட்டு வேண்டாம். நீங்கள் பேச நினைத்ததை எல்லார் முன்னாலும் பேசுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

"அது முடிஞ்சுது ஐயா. அங்கை ஒவ்வொரு நாளும் கதைச்சனான். சுவருக்கு. முதல்ல தம்பியைப் பற்றிக் கதைச்சன். பிறகு உங்களோட கதைச்சன். பிறகு ரெண்டு பக்கத்தையும் நானே கதைச்சன். எல்லாம் முடிஞ்சுது. இனி எனக்கு ஒரு பக்கமும் இல்லை."

வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது எந்த மேடையிலும் ஏறுவதில்லை. கொட்டகையில் வேறு யாரோ கூட்டம் நடத்துகிறார்கள், சீட்டு இல்லாமல். தேர்தல் வந்தால், எங்காவது போர் மூண்டால், என் செல்போனுக்கு அந்தப் படம் வந்து சேரும். யாரோ முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவார்கள். இப்போது அதற்கு ஒரு மேளச் சத்தமும் சேர்த்திருக்கிறார்கள். பகிருங்கள் என்று கீழே இருக்கும். மூன்று நிமிடமும் பார்ப்பேன். என் கை துண்டோடு வரும்வரை பார்ப்பேன்.

அவர் மறுபடியும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். என் நடைப் பாதை அதன் வழியாகப் போகிறது. வேறு பாதை இருந்தும் இதிலேதான் போகிறேன். பந்தலின் கீழ் இரண்டு கையும் மேலே இருக்க, கத்தரியோடு நிற்பார். நான் வணக்கம் என்பேன். அவர் தலையசைப்பார். இத்தனை வருடத்தில் அவராக என்னிடம் சொன்னது ஒன்றுதான். போன கவாத்தின்போது, பார்வை மங்கிவிட்டதால், பந்தல் தாழ்ந்திருக்கும் இடத்தை நான் கவனிக்கவில்லை. அவர் வெட்டுவதை நிறுத்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மூச்சு இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நின்றேன்.

"கம்பி தலையில இடிக்கும் ஐயா. குனிஞ்சு வாங்கோ."

குனிந்தேன். அப்படியே அந்த வரிசை முடியும்வரை நடந்தேன். பின்னால் கத்தரி மறுபடியும் ஓடத் தொடங்கியது.